கோடியக்கரையில் பூநாரை எங்கே? மே மாதம் போய் ஏமாந்து வந்தவனின் கேள்வி

கொலுசுப் பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) – செப்டம்பர் 14

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிற சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பறவைகளில் எனக்குத் தெரிந்தவை கொலுசில் வைக்கிற மயிலும் அன்னமும்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கோ இரண்டு வருடமாகப் பறவைப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் என்னை எழுப்பி மூக்கனேரிக்கு இழுத்துப் போய்விடுவாள். ஏரி நடுவே மண் திட்டுகளில் உட்கார்ந்திருக்கும் நாரைகளையும் நீர்க்காகங்களையும் ஒன்று விடாமல் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவாள். நான் கரையில் நின்று டீ குடிப்பேன்.

அவளுடைய பெரிய ஆசை பூநாரை, அதாவது பிளமிங்கோ. அதற்காகக் கடந்த மே மாதம் குடும்பத்தோடு கோடியக்கரை போய் வந்தோம். சுற்றுலா ஏற்பாடு செய்கிற ஒருவர் கொடுத்த துண்டுச் சீட்டில் ரோஜா நிறத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் இருந்தன. அதை நம்பி வேன் பிடித்தோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பி, தஞ்சாவூரில் சாப்பிட்டு, போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். பாளம் பாளமாக வெடித்த சேறு. அதன்மேல் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளைப் படிவு. கண்ணுக்கு எட்டிய தூரம் கானல். ஒரே ஒரு மட்டக்குதிரை, அதுவும் எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. என் மாமியார், "உப்பு வாங்கவா மாப்பிள்ளை இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர்கள்?" என்று கேட்டார். மகள் அழவில்லை. குறிப்பேட்டைத் திறந்து தேதி போட்டு, நேரம் போட்டு, "பூநாரை – 0" என்று எழுதி மூடினாள். அந்தப் பூஜ்யம் என்னை இன்னும் விடவில்லை.

திரும்பி வரும்போது வேன் ஓட்டுநர், "கஜா புயலோடு பறவையெல்லாம் போய்விட்டது, இனி வராது" என்றார். இது உண்மையா? உண்மை இல்லையென்றால் எப்போது போக வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும்? பைனாகுலர் வாங்குவது அவசியமா? மாமியாருக்கு முழங்கால் வலி, நீண்ட தூரம் நடக்க மாட்டார். ஆனால் வேதாரண்யம் கோயிலுக்காக மறுபடியும் வருவேன் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


மாம்பழச் சந்தை (சேலம்) – செப்டம்பர் 14

மே மாதத்தில் கோடியக்கரையில் பூநாரை தேடியிருக்கிறீர்கள். அடுத்து டிசம்பரில் நம் சந்தைக்கு வந்து மல்கோவா கேளுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், துண்டுச் சீட்டு கொடுத்தவரைத்தான் சொல்கிறேன்.


மலைமேல் அக்கா (ஏற்காடு) – செப்டம்பர் 15

தம்பி, நான் இங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். உங்கள் மகளுக்காக ஒரு செய்தி சொல்கிறேன்.

ஐப்பசி பிறக்கும் சமயம் எங்கள் கணக்கு அறைக்குப் பின்னால் காப்பிச் செடிகளின் அடியில் ஒரு பறவை வரும். உள்ளங்கை அளவு, குட்டை வால், பச்சை முதுகு, வயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை. சருகைப் புரட்டிப் புழு தேடும். காலை, மாலை ஆறு மணியை ஒட்டி இரண்டு அசையில் விசிலடிக்கும். அதனால் அதற்கு ஆறுமணிக்குருவி என்றே பெயர். ஒரு வருடம் வந்த புதிதில் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்துவிட்டது. அட்டைப்பெட்டியில் துளை போட்டு, இருட்டான மூலையில் மாலை வரை வைத்திருந்தோம். திறந்ததும் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு மிளகுக் கொடிக்குள் புகுந்துகொண்டது. கையில் எடுத்தபோது எடையே தெரியவில்லை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே குருவியைக் கோடியக்கரைக் காட்டிலும் பார்த்தேன். போன மார்கழியில் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போனோம். எங்கள் மலையில் தங்கிவிடுகிற குருவிகள் உண்டு, இலங்கை வரைக்கும் போகிற குருவிகளும் உண்டு. அப்படிப் போகிறவற்றுக்குக் கடல் தாண்டுவதற்கு முன் கிடைக்கும் கடைசி நிழல்களில் ஒன்று அந்தக் காடு. கோடியக்கரை என்றதும் எல்லோரும் சேற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதுகுப் பக்கம் ஒரு காடு இருக்கிறது. பாலை மரம்தான் அதிகம். நம் மலைக் காடு போல ஓங்கி வளராது, கடற்காற்று தலையைச் சீவிவிட்டது போல் ஒரே உயரத்தில் அடர்ந்து நிற்கும். வருடத்தில் மூன்று மாதம்தான் நல்ல மழை. ஆனாலும் இலை உதிர்க்காது. கெட்டியான சின்ன இலைகள். உலர் பசுமைமாறாக் காடு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். சோழமண்டலக் கரையில் இப்படிப்பட்ட காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

இன்னொன்று சொல்லிச் சிரித்தோம். "மேட்டுக்குப் போகலாம்" என்று வழிகாட்டி கூட்டிப் போனார். ராமர் பாதம் என்கிற இடம். அந்த வட்டாரத்திலேயே உயரமான மேடு அதுதானாம், கடல் மட்டத்திலிருந்து நான்கு மீட்டர்! சேர்வராயன் கோயில் ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது. எங்களில் ஒருத்தி, "இதற்கு மூச்சு வாங்க வேண்டுமா?" என்று கேட்டாள். ஆனால் அந்த நான்கு மீட்டர்தான் அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மேட்டில் காடு, கொஞ்சம் இறங்கினால் புல்வெளி, அதற்கும் கீழே சதுப்பு. வெளிமானைப் புல்வெளியில் பார்த்தோம். ஆண் மான் கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக, முறுக்கிய கொம்போடு நின்றது. குரும்பப்பட்டியில் கம்பிக்குப் பின்னால் புள்ளிமான் பார்த்த கண்ணுக்கு அது வேறு பிறவியாகத் தெரிந்தது. மான் வருடம் முழுக்க இருக்கும் தம்பி. மே மாதத்திலும் இருந்திருக்கும். உங்களுக்குக் காட்டத்தான் ஆள் இல்லை.


ஓய்வு வாத்தியார் (அம்மாப்பேட்டை) – செப்டம்பர் 15

கோடியக்கரை நமக்கு அந்நியமான இடம் அல்ல. சேர்வராயன் மலையில் பெய்கிற மழை திருமணிமுத்தாறாகி, நம் ஊர் நடுவே ஓடி, நஞ்சை இடையாற்றில் காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரிதான் டெல்டாவில் பிரிந்து கடலுக்குப் போகிறது. நம் மாவட்டத்து மேட்டூரில் 1934 முதல் அணை நிற்கிறது. ஆகவே அந்தப் பறவைகள் குடிப்பது நம் தண்ணீர்.

இன்னொரு தொடர்பும் உண்டு. சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜிதான் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து போய் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார். உங்கள் மகளுக்கு அந்த இடத்தையும் காட்டுங்கள்.


உப்பு லோடு (சங்ககிரி) – செப்டம்பர் 16

பட்டறைக்காரரே, உங்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடம் வேதாரண்யத்திலிருந்து இந்தப் பக்கம் உப்பு ஏற்றியவன். இப்போது முதுகு போய்விட்டது, வீட்டில் இருக்கிறேன்.

முதலில் வாத்தியார் ஐயாவுக்கு. ராஜாஜி ஒரு பிடி உப்பு எடுத்ததற்குச் சிறையில் வைத்தார்கள். நான் வாரம் இரண்டு முறை பத்து டன் எடுத்தேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. எடை மேடையில் மட்டும் கண்டுகொள்வார்கள்.

வேன் ஓட்டுநர் சொன்னது தவறு. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்தது. அதற்கு இரண்டு வாரம் கழித்து நான் அந்தப் பக்கம் போனேன். தென்னையெல்லாம் படுத்துக் கிடந்தது. கடல் உள்ளே வந்து கறுப்புச் சேற்றை உப்பளப் பாத்திகள்மேல் கொட்டிவிட்டுப் போயிருந்தது, வழக்கமாக வெள்ளையாகத் தெரிகிற இடம் எருமை முதுகு போல் இருந்தது. காட்டில் பழைய மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்கள் நிறையச் செத்தன. சில காரைக்கால் கரை வரை ஒதுங்கின. அதெல்லாம் உண்மை. ஆனால் பூநாரைக்கு மரம் தேவையில்லை, தண்ணீர் போதும். அதற்குப் பின் வந்த குளிர்காலங்களிலும் நானே பார்த்திருக்கிறேன்.

பூநாரை பார்க்க நினைப்பவர் முதலில் தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆழம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான் லாரிக்காரன், டயரை வைத்துச் சொல்கிறேன். ரப்பர் மட்டும் நனைகிற தண்ணீர் என்றால் கொசு உள்ளான், உப்புக்கொத்தி போன்ற பொடிசுகள் ஓடித் திரியும். ரிம் தொடும் அளவுக்கு இருந்தால் பவளக்காலி, நெடுங்கால் உள்ளான். டயர் பாதி மூழ்கினால் பூநாரை இறங்கும். அதற்கும் மேலே போனால் கூழைக்கடாவும் ஆலாவும்தான். ஒரே சதுப்பில் ஒரே நேரத்தில் இத்தனை ஆழமும் இருக்கும். அதனால்தான் இத்தனை வகைப் பறவையும் சண்டையில்லாமல் சாப்பிடுகின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை சதுப்பை நிரப்பும். பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடும். ஆனால் அடைமழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் ஆழமாகப் பரந்து கிடக்கும், பறவைகள் சிதறி எங்கோ தூரத்தில் புள்ளியாகத் தெரியும். மழை விட்டு, தண்ணீர் வற்ற ஆரம்பித்து, கரையோரம் ஆழம் குறைகிறபோதுதான் கூட்டம் கூடும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை என் கணக்கு. பங்குனி, சித்திரையில் வற்றி உப்புப் பூத்துவிடும். நீங்கள் பார்த்த சுண்ணாம்பு அதுதான். அந்த நேரத்தில் கொசு உள்ளான் சைபீரியாவுக்குப் போகிற வழியில் இருக்கும். பூநாரையும் தண்ணீர் தேடி வேறு பக்கம் போயிருக்கும். ஆகவே உங்கள் மகள் எழுதிய பூஜ்யம் சரியான கணக்கு. அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உப்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீரைப் பெரிய தெப்பத்தில் விட்டு, வெயிலில் காய்ச்சி, பாத்தி பாத்தியாக நகர்த்துவார்கள். கண்ணாடிக் குழாய் மிதக்கவிட்டுத் தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் பார்ப்பார்கள். கடல் நீர் மூன்று டிகிரி இருக்கும், இருபத்தைந்து டிகிரியில் உப்பு இறங்கும். முதல் தெப்பத்தில் மீன் உண்டு, அங்கே நாரையும் கூழைக்கடாவும் நிற்கும். கடைசிப் பாத்தியில் எதுவும் உயிரோடு இருக்காது, பறவையும் வராது. நடுவில் இருக்கிற பாத்திகளில்தான் நகக்கண் அளவு உப்புநீர் இறால் பெருகும். தண்ணீரே லேசாகச் சிவந்து தெரியும். பூநாரையின் நிறம் அந்த இறாலிலிருந்தும் பாசியிலிருந்தும் வருவது. குஞ்சாக இருக்கும்போது அழுக்குச் சாம்பல் நிறம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்து வடிகட்டித் தின்னும்.

துண்டுச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் போட்ட ரோஜா நிறம் அமெரிக்கப் பக்கத்துப் பூநாரைக்கு உரியது. நம் பறவை நிற்கும்போது கிட்டத்தட்ட வெள்ளைதான். நான் முதல்முறை பார்த்தபோது உப்புக் குவியல் என்றே நினைத்தேன். விடியற்காலை, தார்ப்பாய் கட்டி முடித்து வண்டிக் கதவைப் படீரென்று சாத்தினேன். குவியல் முழுவதும் எழுந்துவிட்டது. இறக்கையின் உள்பக்கம் குங்குமமும் கரியும். தலைக்கு மேலே போகும்போது வாத்துக் கூட்டம் போல ஒரு கத்தல். கையில் கயிற்றோடு அப்படியே நின்றேன். கூட வந்த கிளீனர் பையன், "இன்னொரு தடவை சாத்துங்கள் அண்ணா" என்றான். அப்போது தெரியாமல் சாத்தினேன், பிறகு செய்யவே இல்லை. நாள் முழுக்கத் தலையைக் கவிழ்த்துச் சேர்த்த தெம்பை நம் வேடிக்கைக்காகச் செலவழிக்க வைக்கக் கூடாது. யாராவது கல் எறிந்து பறக்கவிட்டுப் படம் எடுத்தால் உங்கள் மாமியாரை விட்டு இரண்டு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

காலை ஏழு மணிக்குள் சதுப்பு ஓரம் இருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பக்கம் நில்லுங்கள். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். பைனாகுலர் கட்டாயம் வேண்டும், கடன் வாங்கினாலும் சரி. முதலில் வனத்துறை அலுவலகத்துக்குப் போய் அனுமதி வாங்கி, வழிகாட்டியைக் கேளுங்கள், அன்றைக்குத் தண்ணீர் எங்கே என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே காய்ந்தது போல் இருக்கும். நான் முழங்கால் வரை போய் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன்.


கடைமடை (சூரமங்கலம்) – செப்டம்பர் 17

நான் ரயில்வே வேலைக்காகச் சேலம் வந்தவள். சொந்த ஊர் டெல்டாவில் தலைஞாயிறு பக்கம். வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்தபோது என் தாத்தா இருந்திருந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார் என்று தோன்றியது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் எங்கள் வாய்க்கால் எப்போது நனையும் என்று அவர் தினமும் போய்ப் பார்ப்பார். சில வருடம் ஆடி போய் ஆவணியிலும் வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். கடைமடைக்காரர்களிடம் "உங்கள் பறவை எங்கள் தண்ணீர் குடிக்கிறது" என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள் ஐயா. திருமணிமுத்தாற்றில் இப்போது மழைநீரை விடச் சாக்கடைதான் அதிகம் என்பது அம்மாப்பேட்டையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனாலும் நீங்கள் சொன்னது முழுக்கத் தவறும் இல்லை. கிழக்குப் பக்கம், கோடியக்கரையை ஒட்டிய வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, வடகிழக்கு மழையையும் கடலையும் நம்பித்தான் இருக்கிறது. அங்கே காவிரி பெயரளவுக்குத்தான். மேற்கே முத்துப்பேட்டைப் பக்கம் கதை வேறு. பாமணியாறு, கோரையாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் அந்தக் காயலில்தான் விழுகின்றன. நன்னீரும் உப்புநீரும் கலக்கிற அந்த இடத்தில் அலையாத்திக் காடு. சேற்றுக்கு மேலே பென்சில் நட்டது போல் ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள் நிற்கும். அந்த வேர்களுக்கு இடையில்தான் இறால் குஞ்சும் மடவையும் கொடுவாயும் வளரும். ஆற்று நீர் குறைந்தால் உப்பு ஏறும், உப்பு ஏறினால் குஞ்சு குறையும், வலை காலியாக வரும். வண்டலும் மேலே அணைகளில் நின்றுவிடுகிறது. மேட்டூரில் என்ன நடந்தாலும் முத்துப்பேட்டை மீனவர் வீட்டுச் சட்டியில் தெரியும். ஜாம்புவானோடையில் படகு கிடைக்கும், ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அங்கேயும் போய் வாருங்கள் அண்ணா.

சரணாலயம் 1967-இல் வெளிமானுக்காக அறிவித்தது. 2002-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தபோது சதுப்பு, தலைஞாயிறு காடு, முத்துப்பேட்டை எல்லாவற்றையும் உள்ளடக்கி 38,500 ஹெக்டேர் என்று எல்லை போட்டார்கள். தமிழ்நாட்டில் முதல் ராம்சார் இடம் அதுதான். அடுத்தது வர இருபது வருடம் ஆயிற்று. எல்லைக்கு உள்ளே இருக்கிறது என்பதால் எல்லாம் நலம் என்று நினைக்க வேண்டாம். மலைமேல் அக்கா சொன்ன புல்வெளியைச் சீமைக்கருவேல் தின்றுகொண்டே வருகிறது. அதன் நெற்று இனிப்பாக இருக்கும். ஊர் மாடும் மட்டக்குதிரையும் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் சாணியோடு விதைத்துவிடும். வெளிமான் புதரில் பதுங்குகிற ஜாதி இல்லை. நரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும், ஓட வெளி வேண்டும். பெயரிலேயே இருக்கிறது. அந்தக் குதிரைகளும் யாரோ எப்போதோ வளர்த்து விட்டுவிட்ட மட்டக்குதிரைகளின் வாரிசுகள்தான். பார்க்க அழகு, மானுக்குப் புல்லில் பங்காளி. ஒருநாள் என் தம்பியிடம், "குதிரையைப் பிடித்து வெளியே விடலாமே" என்றேன். "முதலில் மாட்டுக்காரர்களிடம் சொல்லிப் பார்" என்றான்.

வேதாரண்யத்தில் தங்குங்கள். அங்கிருந்து கோடியக்கரை பதினொரு கிலோமீட்டர் அளவுதான். வழியில் கோடியக்காடு என்ற ஊர் வரும், அதைக் கோடியக்கரை என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல் மறுபடியும் ரயில் விட்டிருக்கிறார்கள். முழங்கால் வலிக்கு வேனை விட ரயில் நல்லது. என் இலாகா என்பதற்காகச் சொல்லவில்லை.


ஓய்வு வாத்தியார் (அம்மாப்பேட்டை) – செப்டம்பர் 17

கடைமடையம்மா, ஒப்புக்கொள்கிறேன். "நம் தண்ணீர்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். சாக்கடை விஷயத்தில் வாயைத் திறக்க வழியில்லை. தினமும் பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகிறேன்.


கொலுசுப் பட்டறை (செவ்வாய்ப்பேட்டை) – ஜனவரி 20

எல்லோருக்கும் நன்றி. பொங்கல் விடுமுறையில் போய் வந்தோம். லாரி அண்ணன் சொன்னபடி காலை ஆறே முக்காலுக்குச் சதுப்பு ஓரம், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றோம். பைனாகுலர் ஒரு வாடிக்கையாளரிடம் கடன் வாங்கியது. அவருக்கு ஒரு ஜோடி மெட்டி போனது.

பூநாரை பார்த்தோம். வெகு தொலைவில், வெள்ளைக் கோடு போல. மகள் எண்ணிக்கொண்டே போனாள், 212 வரை வந்தபோது ஒரு கூட்டம் இடம் மாறிவிட்டது. முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாவது தடவை 340-இல் நிறுத்தி, "ஏறத்தாழ" என்று பக்கத்தில் எழுதிக்கொண்டாள். நாங்கள் யாரும் பறக்கவிடவில்லை. எங்கள் தலைக்கு மேலே பருந்து ஒன்று வட்டமிட்டபோது பாதிக் கூட்டம் தானாகவே எழுந்தது. குங்குமமும் கரியும் என்று அண்ணன் எழுதியது அப்படியே. வெள்ளிக்குள் மீனா என்கிற வண்ணப் பூச்சு வேலை செய்ததைத் திடீரென்று திறந்து காட்டியது போல இருந்தது. மாமியார் வேனில் உட்கார்ந்தபடி கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டவை வேறு. கரையோரம் இருபது அடி தூரத்தில் உள்ளான்கள் மேய்ந்தன. வழிகாட்டி ஒவ்வொன்றின் அலகையும் காட்டினார். கொசு உள்ளானுக்குக் குட்டையான நேர் அலகு, சேற்றின் மேல்தோலை மட்டும் கொத்துகிறது. அதற்கு அப்பால் மூக்கன், நீண்ட நேர் அலகைக் கண் வரை உள்ளே விட்டு எடுக்கிறது. கோட்டான் என்று ஒன்று (ஆந்தை இல்லை, இதுவும் கரையோரப் பறவைதான்), அலகு கீழ்நோக்கி வளைந்து முகத்தைப் போல மூன்று மடங்கு நீளம், நண்டு வளைக்குள் விட்டுத் திருகி இழுத்தது. கோணமூக்கு உள்ளானுக்கு மேல்நோக்கி வளைவு, அது தண்ணீரை இப்படியும் அப்படியும் அரிக்கிறது. என் பட்டறைப் பலகையில் நேர் சாமணம், வளைந்த சாமணம், ஊசிக் குறடு, தட்டைக் குறடு எல்லாம் வரிசையாக இருக்கும். ஒன்றைக் கொண்டு இன்னொன்றின் வேலையைச் செய்ய முடியாது. சேற்றில் என் பலகையையே பார்த்தேன். மகளிடம் சொன்னேன். அவள் குறிப்பேட்டில் முதல்முறையாக என் பெயரைப் போட்டு அதை எழுதிக்கொண்டாள்.

வெளிமானும் பார்த்தோம். ஆண் ஒன்று, பெண்கள் ஒன்பது. சீமைக்கருவேல் வெட்டிய இடத்தில் புல் தளிர்த்திருந்தது, அங்கேதான் நின்றன. கொஞ்சம் தள்ளி மூன்று குதிரைகள் அதே புல்லை மேய்ந்தன. கடைமடை அம்மா சொன்ன பங்காளிச் சண்டை கண்ணெதிரே. மலைமேல் அக்கா, பாலை மரக் காட்டில் ஆறு மணிக்கு அந்த விசிலைக் கேட்டோம். குருவி மட்டும் கண்ணில் படவில்லை. மகள் "குரல் மட்டும்" என்று எழுதியிருக்கிறாள்.

கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம் இது என்றும், வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறது என்றும் சொன்னார்கள். மகள் இப்போதே மார்ச் மாதத் தேதியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். குஞ்சுகளை விடும்போது நாமும் பார்க்க முடியுமா, யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கடைமடை (சூரமங்கலம்) – ஜனவரி 20

கோடியக்கரை வனச்சரக அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் அண்ணா. குஞ்சு எந்த நாள் வெளிவரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. என் தம்பியிடம் சொல்லி வைக்கிறேன். ஆனால் தகவல் வந்தால் அன்றே கிளம்ப வேண்டியிருக்கும், பட்டறையைப் பூட்டத் தயாராக இருங்கள்.


உப்பு லோடு (சங்ககிரி) – ஜனவரி 21

எல்லாம் சரி. வேனின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே கழுவச் சொல்லுங்கள், அந்த உப்புக் காற்று ஒரு மாதத்தில் இரும்பைத் தின்றுவிடும்.